ஏகாரமும் உம்மையும்: 'ஒன்லி' என்னும் ஆங்கில வினையடை ஈழத்து மொழிச் சட்டத்திற் பெற்ற வரலாறு

சொற்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வர். ஊர்ப்பெயர், குடிப்பெயர், தொழிற்பெயர் என்பன வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகும் அளவுக்குச் சிறு சொற்கள் சான்றாவதில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆனால் நம் இலக்கண முதல்வர்கள் அவ்வாறு எண்ணினாரல்லர். தொல்காப்பியர் இடைச்சொற்களுக்கெனத் தனி இயல் ஒன்றை வகுத்தார். இடைச்சொற்கள் தாமாக இயங்காமற் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்குவன எனவும், அங்ஙனம் சேர்ந்த இடத்துப் பொருளை வேறுபடுத்தும் ஆற்றல் உடையன எனவும் கண்டார். ஒரே ஓர் ஏகாரம் ஒரு கூற்றின் எல்லையைச் சுருக்கிவிடும். ஒரே ஓர் உம்மை அதனை விரித்துவிடும்.

இவ்வுண்மை செய்யுளுக்கும் உரைநடைக்கும் பொருந்துவதுபோலவே சட்டத்துக்கும் பொருந்தும். இலங்கையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் மிகப் பெருந்தாக்கத்தை விளைத்த ஆங்கிலச் சொல் யாதெனின், அது பெயர்ச்சொல்லும் அன்று, வினைச்சொல்லும் அன்று. நாள்தோறும் எவரும் வழங்குகின்ற 'ஒன்லி' என்னும் வினையடையேயாம். 'சிங்களா ஒன்லி' என்ற இரு சொற்றொடர் 1956ஆம் ஆண்டில் ஓர் ஆட்சியை வீழ்த்தி மற்றோர் ஆட்சியை அமைத்தது. முப்பத்தோராண்டுகளின் பின்னர், 1987இல், 'ஓல்சோ' என்ற மற்றொரு வினையடை அதே சட்டத்துறையில் நுழைந்தது. இவ்விரு சொற்களின் பொருளையும் வழக்கையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்குரிய களமாகத் திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரப் பகுதியும், அங்குள்ள தோப்பூரும் கொள்ளப்படுகின்றன.

களம்

தோப்பூர், கொட்டியாரக் குடாவின் தென்பால் மூதூரை அடுத்து அமைந்த ஊராகும். ஊரவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்தம் வீட்டு மொழி தமிழ். அயலிலே கிளிவெட்டி, பள்ளிக்குடியிருப்பு முதலிய தமிழூர்கள் உள்ளன. அப்பால் சேருவிலப் பகுதியிலும் அல்லைக் குடியேற்றத் திட்ட நிலங்களிலும் சிங்கள மக்கள் வாழ்கின்றனர். மூவினத்தாரும் அருகருகே வாழ்கின்ற இத்தகைய இடத்திலேதான் மொழிச் சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் உரைத்துப் பார்க்கப்படும். தலைநகரத்து மண்டபத்தில் ஓர் இடைச்சொல்லாகத் தோன்றுவது, இங்கே காணி உறுதியாகவும், நீதிமன்ற அழைப்பாணையாகவும், பொலிசிற் கொடுத்த முறைப்பாட்டின் எழுத்தாகவும் உருவெடுக்கும்.

ஆங்கிலேயர் வரவுக்கும் கொட்டியாரத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1659ஆம் ஆண்டின் இறுதியிற் புயலிற் சிக்கிப் பாய்மரம் ஒடிந்த 'ஆன்' என்னும் வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அடுத்த ஆண்டில் அக்கப்பலின் தலைவரும், அவர் மகன் இராபர்ட் நொக்சும், உடன்வந்தோர் பலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். ஏறக்குறைய இருபதாண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து 1679இல் தப்பிச் சென்ற நொக்சு, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்களுள் தலையாய ஒன்றாகும். சிங்கள மொழியைப் பற்றிய குறிப்புக்களும் அதில் உள்ளன. அன்று கொட்டியாரத்தில் ஆங்கிலம் சிறைப்பட்டோரின் மொழியாக இருந்தது. 1795இல் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய பின்னர் அது ஆள்வோரின் மொழியாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைகளுக்குப் பின், அதாவது 1830களிலிருந்து, நிர்வாகத்திலும் நீதியிலும் ஆங்கிலமே நிலைபெற்றது. நாட்டு மக்களுள் மிகச் சிறு பகுதியினரே அம்மொழியை அறிந்திருந்தனர். அறியாதோர் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் ஒரே நிலையில் இருந்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சொல்லின் இயல்பு

'ஒன்லி' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஆன்லிக்' என வழங்கியது. 'ஆன்' என்பது ஒன்று. 'லிக்' என்பது 'போன்ற, தன்மையுடைய' எனப் பொருள்படும் ஈறு. ஆகவே 'ஒன்றாந் தன்மையுடையது' என்பதே இதன் வேர்ப்பொருள். இன்று 'வன்' என ஒலிக்கும் எண்ணுப்பெயரும் 'ஒன்லி'யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒலிப்பு வேறுபட்டமையால் ஆங்கிலேயரே இவ்வுறவை நினைப்பதில்லை. 'ஓல்சோ' என்பதோ 'எல்லாம்' என்னும் பொருளுடைய 'ஓல்' என்ற சொல்லின் வழிப் பிறந்தது. 'முற்றிலும் அவ்வாறே' என்பது அதன் பழம்பொருள். ஒன்று என்னும் எண்ணிலிருந்து ஒரு வினையடையும், எல்லாம் என்னும் கருத்திலிருந்து மற்றொரு வினையடையும் தோன்றின என்பதை அறிந்தால், பின்னர் நிகழ்ந்தவற்றின் பொருளும் ஓரளவு விளங்கும்.

பொருளை நோக்குமிடத்து, 'ஒன்லி' இரண்டு செயல்களை ஒருங்கே செய்கின்றது. ஒன்றை உடன்படுகின்றது, அதனோடொத்த பிறவற்றை விலக்குகின்றது. 'வந்தவன் கந்தன் மட்டும்' என்றால், கந்தன் வந்தான் என்பது ஒரு செய்தி. பிறர் வரவில்லை என்பது மற்றொரு செய்தி. விலக்கப்பட்ட 'பிறர்' யாவர் என்பதை அச்சொல் தானாகக் கூறுவதில்லை. உலகத்து மக்கள் அனைவருமா, ஊரவரா, அழைக்கப்பட்ட நால்வருள் எஞ்சிய மூவரா என்பதைக் கேட்போரே சூழல்நோக்கி அறிந்துகொள்ளல் வேண்டும். இதுவே இச்சொல்லின் வலிமை. இதுவே இதன் ஆபத்துமாகும்.

தமிழில் இப்பொருளைத் தருவன பல. தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறினார். நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கினார். இவற்றுள் பிரிநிலை ஏகாரமே 'ஒன்லி'க்கு நேரானது. ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து நிறுத்துவதாற் பிரிநிலை எனப் பெயர்பெற்றது. எதனிற் பிரிக்கப்படுகின்றது என்னும் வினாவையும் அப்பெயரே எழுப்பிவிடுகின்றமை நம் இலக்கண ஆசிரியர்களின் நுண்மாண் நுழைபுலத்துக்குச் சான்றாகும். பேச்சு வழக்கிற் 'தான்' என்பதும் 'மட்டும்' என்பதும் இப்பொருளில் வரும். 'மட்டு' என்றால் அளவு, எல்லை. 'நான் வருமட்டும் இரு' எனக் கீழ்மாகாணத்தவரும் யாழ்ப்பாணத்தவரும் கூறும்போது அவ்வெல்லைப் பொருள் தெளிவாகப் புலப்படும். சிங்களத்திலே 'ஒன்லி'க்கு ஈடாக முழங்கப்பெற்ற 'பமணய்' என்ற சொல்லும் அளவு எனப் பொருள்படும் பிரமாணம் என்னும் வடசொல்லின் வழிவந்ததே. இரு மொழியாரும் அளவு என்னும் ஒரே கருத்திலிருந்து இப்பொருளை ஆக்கிக்கொண்டனர். அளவை வகுப்பதிலேதான் அவர்கள் பின்னர் மாறுபட்டனர்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள ஒரு வேறுபாட்டையும் இங்கே சுட்டுதல் வேண்டும். தமிழில் ஏகாரமும் 'மட்டும்' என்பதும் தாம் வரையறுக்கும் சொல்லை விட்டு அகலா. 'நேற்று மட்டும் தோப்பூருக்குப் போனான்', 'நேற்றுத் தோப்பூருக்கு மட்டும் போனான்' என்னும் இரு வாக்கியங்களும் பொருள் மயங்குவதில்லை. ஆங்கிலத்திலோ 'ஒன்லி' வினைக்கு முன்னே நின்றுகொண்டு தொலைவிலுள்ள ஒரு சொல்லை வரையறுக்கலாம். இதனால் மயக்கம் நேருமெனக் கருதிய இலக்கண ஆசிரியர் பலர் அது தனக்குரிய சொல்லின் பக்கத்திலேயே நிற்றல் வேண்டுமென விதித்தனர். 1926இல் ஆங்கில வழக்ககராதி இயற்றிய பவுலர், அவ்விதியை அளவுகடந்து வற்புறுத்துவோரை நகையாடினார். நம்மவர் ஆங்கிலம் பேசுங்கால் 'ஒன்லி'யை வாக்கியத்தின் இறுதியில், தாம் வற்புறுத்தும் சொல்லை அடுத்து வைப்பதும் எவரும் அறிந்ததே. அது பிழையெனத் திருத்தப்படினும், உண்மையில் 'இன்றுதான்', 'இங்கேதான்' என்னும் தமிழ் வழக்கு ஆங்கில உடையில் வெளிவருவதேயாம்.

1944: விலக்கப்பட்டது எது?

இனி வரலாற்றுக்கு வருவோம். இலங்கை அரசாங்க சபையிற் சிங்களத்தை ஆட்சி மொழியாக்க வேண்டுமென்னும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் அது விவாதிக்கப்பட்டது. அதன் முதல் வடிவில் ஆங்கிலத்தின் இடத்துக்குச் சிங்களம் ஒன்றே குறிக்கப்பட்டிருந்தது. அப்பொழுது திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராயிருந்த வே. நல்லையா ஒரு திருத்தத்தை முன்வைத்தார். சிங்களம் என்ற சொல்லின் பின்னர் 'தமிழும்' எனப் பொருள்படும் இரு சொற்களைச் சேர்க்க வேண்டுமென்பதே அத்திருத்தம். அது ஏற்கப்பட்டது. திருத்தப்பட்ட பிரேரணை 27 வாக்குகளுக்கு 2 என்ற பெரும்பான்மையால் நிறைவேறிற்று.

இவ்விவாதத்தில் ஜயவர்த்தனா கூறிய விளக்கம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நாட்டு மக்களுள் மூன்றில் இரு பங்கினர் சிங்களம் பேசுவதால் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கத் தாம் எண்ணியிருந்ததாகவும், ஆனால் தமிழ் மக்களும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் தமிழும் சம நிலையிற் சேர்க்கப்பட வேண்டுமென விரும்புவதாகத் தெரிவதாகவும் அவர் கூறினார். 'மட்டும்' என்னும் எண்ணமும் 'உம்' என்னும் இசைவும் ஒரே உரையில் அடுத்தடுத்து வந்தமை காண்க. முஸ்லிம் மக்களின் மொழி தமிழ் என்பது அங்கே வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்பட்டதும் நோக்கத்தக்கது. தோப்பூர் போன்ற ஊர்களின் குரல், ஊர்ப்பெயர் சுட்டப்படாவிடினும், அவ்விவாதத்தின் முடிவை அமைத்த காரணங்களுள் ஒன்றாக இருந்தது.

1944இல் விலக்கப்பட்ட 'பிற' ஆங்கிலம் ஒன்றே. நல்லையாவின் திருத்தத்தில் இருந்த உம்மை இலக்கண முறைப்படி எண்ணும்மை எனப்படும். சிங்களமும் தமிழும் என எண்ணும்போது முன்னது பெரிது, பின்னது சிறிது என்னும் வேறுபாடு இல்லை. வரிசையில் ஒன்று முன்னிற்பது மொழியின் இயல்பேயன்றிச் சிறப்பின் அடையாளமன்று.

1956: 'ஒன்றும்' 'ஒன்லி'யும்

1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பு ஆட்சிமொழி எதனையும் விதிக்கவில்லை. நடைமுறையில் ஆங்கிலம் தொடர்ந்தது. 1950களின் நடுப்பகுதியில் நிலைமை மாறிற்று. சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம நிலை என்பதை ஏற்றிருந்த சிறீலங்கா சுதந்திரக் கட்சி 1955இன் இறுதியிற் சிங்களம் மட்டும் என்னும் கொள்கையை மேற்கொண்டது. 1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் அதே நிலைக்கு வந்தது. ஏப்பிரல் தேர்தலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. யூன் 5ஆம் நாள் மொழி மசோதா பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டபோது காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். யூன் 15ஆம் நாள் மசோதா 66 வாக்குகளுக்கு 29 வாக்குகளாற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இரு மொழி எனின் ஒரு நாடு, ஒரு மொழி எனின் இரு நாடுகள் என்னும் கருத்தமைந்த கொல்வின் ஆர். டி சில்வாவின் எச்சரிக்கை அவ்விவாதத்தில் எழுந்ததே.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டத்தை எடுத்துப் படிப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். நாட்டையே கலக்கிய 'ஒன்லி' என்னும் சொல் அதன் தலைப்பிலும் இல்லை. முதன்மை விதியிலும் இல்லை. சிங்கள மொழி இலங்கையின் 'ஒன்றேயான' ஆட்சிமொழியாகும் என்றே விதி கூறுகின்றது. அங்கே நிற்பது 'வன்' என்னும் எண்ணுப்பெயர். 'ஒன்லி' வருவதோ அதனை அடுத்த காப்புரையில்: எந்த அலுவலுக்காயினும் சிங்களத்தை மட்டும் உடனே பயன்படுத்தல் இயலாதென அமைச்சர் கருதுமிடத்து, அதுவரை வழங்கிய மொழியோ மொழிகளோ 1960 திசெம்பர் 31 வரை தொடரலாம் என்னும் சலுகை வாசகத்தில். தெருவில் முழக்கமாக ஒலித்த வினையடை சட்டத்தில் ஒரு சலுகையின் உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றது. ஆயினும் பொருள் குறையவில்லை. 'வன்'னும் 'ஒன்லி'யும் ஒரு வேரின என முன்னர்க் கண்டோம். சட்டம் எண்ணாற் சொன்னதை மக்கள் வினையடையாற் சொன்னார்கள்.

இங்கு வினவவேண்டியது, இம்முறை விலக்கப்பட்டது எது என்பதே. முழக்கத்தை ஆதரித்தோருள் பலர் அது ஆங்கிலத்துக்கும் ஆங்கிலங் கற்ற சிறுபான்மைக்கும் எதிரானதென்றே நம்பினர். சிங்கள ஆசிரியர், சுதேச வைத்தியர், கிராமத்து இளைஞர் ஆகியோர்க்கு ஆங்கிலத்தின் ஆதிக்கம் உண்மையான குறையாகவே இருந்தது. அக்குறை தமிழ் மட்டும் அறிந்த உழவனுக்கும் மீனவனுக்கும் இருந்த குறைதான். ஆனால் 'ஒன்லி' என்னும் சொல் எதனை விலக்குகின்றோம் என்பதைச் சொல்லாமலே விலக்கவல்லது. ஆங்கிலத்தை நோக்கி எறியப்பட்டதாகக் கூறப்பட்ட அச்சொல்லின் வீச்சினுள் தமிழும் அகப்பட்டது. 1944இல் எண்ணும்மையால் உள்ளே கொண்டுவரப்பட்ட மொழி 1956இற் பிரிநிலையால் வெளியே நிறுத்தப்பட்டது.

தமிழர் இச்சட்டத்துக்கு இட்ட பெயர் 'தனிச்சிங்களச் சட்டம்' என்பது. 'ஒன்லி' என்ற வினையடையைத் தமிழ் 'தனி' என்னும் பெயரடையாக மாற்றிக்கொண்டது. தனி என்பதற்கு ஒற்றை, கலப்பற்றது, வேறானது எனப் பல பொருள் உண்டு. மொழிக்கு அடையாக வந்த இச்சொல் இருபதாண்டுகளின் பின்னர் நாட்டுக்கு அடையாயிற்று. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு 'தனிநாடு' என்னும் தொடர் தமிழரசியலின் நடுவிடத்துக்கு வந்தது. ஒரு பக்கத்தார் தொடுத்த அடைமொழி மறுபக்கத்தாரின் கோரிக்கைக்குப் பெயராக மாறியமை சொல் வரலாற்றில் அரிதாகக் காணத்தக்க நிகழ்ச்சியாகும்.

திருகோணமலையில் எழுந்த எதிரொலி

சட்டம் நிறைவேறிய இரு மாதங்களில், 1956 ஆகத்து 19ஆம் நாள், இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையிற் கூடியது. பல திசைகளிலிருந்தும் மக்கள் யாத்திரையாக வந்து சேர்ந்தனர். கூட்டாட்சி யாப்பு, தமிழுக்குச் சிங்களத்தோடு சம நிலை, மலைநாட்டுத் தமிழர்க்குக் குடியுரிமை, தமிழ் பேசும் பகுதிகளில் அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்தல் ஆகியன மாநாட்டின் கோரிக்கைகளாயின. ஓராண்டுத் தவணையும் விதிக்கப்பட்டது. அதன் விளைவாக 1957 யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1958 ஏப்பிரலிற் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. இவ்விடைக்காலத்தில், 1957 ஒக்டோபரில், திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். ஆங்கிலம் துறைமுகத்தை விட்டுப் போயிற்று. அதன் இடத்துக்கு வருவது ஒரு மொழியா இரு மொழிகளா என்பதே எஞ்சிய வினாவாயிற்று.

1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் இவ்வினாவுக்கு அரைகுறை விடையளித்தது. தமிழிற் கல்வி கற்றல், பொதுச்சேவைப் பரீட்சைக்குத் தமிழிற் தோற்றுதல், அரசாங்கத்தோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளுதல், வடக்கிலும் கிழக்கிலும் விதிக்கப்பட்ட நிர்வாக அலுவல்களிற் தமிழைப் பயன்படுத்தல் ஆகியவற்றுக்கு அதில் இடமிருந்தது. ஆனால் அதனைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 சனவரியிலேதான் நிறைவேறின. இதனிடையே 1960உடன் காப்புரையின் தவணை முடிந்தது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திற் தொடங்கிய கச்சேரி மறியல் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பரவியது. ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு அது அடக்கப்பட்டது.

'ஒன்லி' ஒரு தனிமனிதனின் வாழ்வில் எவ்வாறு இயங்கிற்று என்பதற்குக் கோடீஸ்வரன் வழக்கு சான்றாகும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞரான அவர், மொழிச் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதென வாதித்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குத் தொடர முடியாதெனக் கூறி உயர் நீதிமன்றம் 1967இல் அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அக்காரணத்தை நிராகரித்து வழக்கைத் திருப்பியனுப்பியது. ஆனால் 'ஒன்றேயான ஆட்சிமொழி' என்னும் விதி செல்லுமா என்ற முதன்மை வினாவை எந்த மேல்நீதிமன்றமும் இறுதிவரை விடுவிக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர்சொல்லித் தன்னுள் ஏற்றுக்கொண்டபோது அவ்வினாவே பொருளற்றதாயிற்று.

'ஓல்சோ' என்னும் உம்மை

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சிங்களத்தை ஆட்சிமொழியாகவும், சிங்களத்தையும் தமிழையும் தேசிய மொழிகளாகவும் விதித்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாகத்திற் தமிழும் பயன்படுத்தப்படும் என்னும் காப்புரையில் 'ஓல்சோ' நுழைந்தது. பின்னர் 1987 யூலையில் இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாகி, நவம்பரிற் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியபோது அச்சொல் முதன்மை விதிக்கே உயர்ந்தது. 18ஆம் உறுப்புரையின் முதல் மூன்று வாக்கியங்கள் இப்பொழுது இவ்வாறு நிற்கின்றன: இலங்கையின் ஆட்சிமொழி சிங்களம், தமிழும் ஓர் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி.

இரண்டாம் வாக்கியத்திலுள்ள உம்மை எவ்வகையது? தொல்காப்பியர் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் வகுத்தார். 'தமிழும் ஓர் ஆட்சிமொழி' என்பது எண்ணும்மையன்று; முன்னர்க் கூறப்பட்ட ஒன்றைத் தழுவி நிற்பதால் எச்சவும்மையாகும். அதனிலும் இறந்தது தழீஇய எச்சவும்மை. முதல் வாக்கியம் இல்லையேல் இரண்டாம் வாக்கியத்தின் உம்மைக்குப் பற்றுக்கோடு இல்லை. ஆனால் இரண்டாம் வாக்கியம் இல்லாதிருந்தாலும் முதல் வாக்கியம் முழுமையாக நிற்கும். ஆங்கில மூலத்தில் முதல் வாக்கியத்தின் ஆட்சிமொழிக்கு வரையறைச் சுட்டும், இரண்டாவதற்கு 'ஓர்' என்னும் பொதுச் சுட்டும் வருதல் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகின்றது.

இவ்வாறு கூறுவதனால் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஏகாரத்தாற் புறத்தே நிறுத்தப்பட்ட மொழியை எச்சவும்மை அகத்தே கொண்டுவந்தது. முப்பத்தோராண்டு நீடித்த பிரிநிலை அவ்வுரைப்படி முடிவுற்றது. அடுத்த ஆண்டே, 1988 திசெம்பரில், பதினாறாம் திருத்தம் சிங்களமும் தமிழும் நாடெங்கும் நிர்வாக மொழிகள் எனக் கூறிற்று. அங்கே 'ஓல்சோ' இல்லை. 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல்லே உள்ளது. அது நல்லையா 1944இற் கேட்ட எண்ணும்மை. நாற்பத்துநான்கு ஆண்டுகள் சுற்றி வந்து சட்டம் தொடங்கிய இலக்கணத்துக்கே ஒரு பிரிவில் மீண்டது எனலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது 'மொழிகள்' என்னும் பன்மை அந்நிறுவனத்தின் பெயரிலேயே இடம்பெற்றது.

ஆயினும் ஏகாரம் முற்றாக மறைந்ததன்று. இன்றும் பாராளுமன்றச் சட்டங்களின் இறுதியில் வழக்கமாக ஒரு பிரிவு வரும். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு எழுமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கும் என்பது அதன் பொருள். முரண்பாட்டைத் தீர்க்க ஒரு விதி வேண்டுமென்பதை எவரும் மறுக்கமாட்டார். இரு மொழிகளிலும் ஒரே பொருள்பட இயற்றப்படும் சட்டத்தில் இப்பிரிவுக்கு வேலையே இராது. ஆனால் தமிழ் உரை அவசரத்தில் எழுந்த மொழிபெயர்ப்பாக இருக்குமிடத்து, அதனை நம்பி நடக்கும் குடிமகன் தன் மொழியிற் படித்ததைச் சட்டமென்று உறுதியாகக் கொள்ள இயலாது. எண்ணும்மை முகப்பில் நிற்கின்றது. பிரிநிலை ஏகாரம் கடைவாயிலில் நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படும் முடிபுகள் மூன்று. முதலாவது, 'ஒன்லி' என்னும் வினையடை தான் விலக்குவதைப் பெயர்சொல்லாமல் விலக்கும் இயல்புடையது. ஆதலால் அதனை முழக்கமாக ஏந்துவோர் தாம் கருதாததையும் விலக்கிவிடுதல் கூடும். அதனைச் சட்டத்திற் கையாள்வோர் எதனின் பிரிக்கின்றோம் என்பதை வெளிப்படையாகக் கூறுதல் கடனாகும். இரண்டாவது, 'ஓல்சோ' என்பது சேர்ப்பதாயினும் சமமாக்குவதன்று. சேர்க்கப்பட்டது முன்னதைச் சார்ந்தே நிற்கும். மூன்றாவது, நம் இலக்கண நூல்கள் வகுத்த ஏகாரப் பொருள்களும் உம்மைப் பொருள்களும் பழஞ்செய்யுளுக்கு உரை காணுதற்கு மட்டும் உரியனவல்ல. குடிமக்களின் உரிமையை அளந்தறிதற்கும் அவை கருவியாவன. தமிழ் பயிலும் மாணவரும் சட்டம் பயிலும் மாணவரும் ஒருவர் நூலை மற்றவர் படித்தல் இதனால் இன்றியமையாததாகின்றது.

சட்டத்தின் உம்மை எவ்வகையது என்பதை இறுதியில் முடிவுசெய்வது உயர் நீதிமன்றமன்று, ஊரிலுள்ள அலுவலகமே. தோப்பூரிலிருந்து ஒருவர் தம் மொழியில் எழுதிய விண்ணப்பத்துக்குத் தம் மொழியில் விடை பெறுவாராயின், அங்கே எண்ணும்மை நடைமுறையில் உள்ளது எனலாம். அயலிலுள்ள சேருவிலயிலிருந்து சிங்களத்தில் எழுதுபவர்க்கும் அவ்வாறே சிங்களத்தில் விடை கிடைக்குமாயின் அது நிறைவுறும். விண்ணப்பம் தமிழிலும் விடை பிறிதொன்றிலுமாக இருக்குமாயின், அரசியலமைப்பில் என்ன எழுதியிருப்பினும் அவ்விடத்து ஆட்சி செலுத்துவது 1956ஆம் ஆண்டின் ஏகாரமேயாம். உம்மையின் எட்டுப் பொருள்களுள் முற்று என்பதும் ஒன்று. இரு மொழிகளும், மூவினங்களும் என எதனையும் எஞ்சவிடாது தழுவுவது அது. சட்டம் அப்பொருளை இன்னும் எய்தவில்லை.